உலோக லைனரும் நார்ச்சுற்றும்: தொடு அழுத்தத்தைக் கணக்கிடப் பழகுவோம்

உள்ளே லைனர் எனப்படும் மெல்லிய உலோகக் குழாய், அதன்மேல் கார்பன் நாரையோ கண்ணாடி நாரையோ எப்பாக்சி பிசினில் தோய்த்துச் சுற்றிய உறை. உலோகம் வாயுவைக் கசிய விடாது. நார்ச்சுற்று எடையை அதிகம் கூட்டாமல் அழுத்தத்தைத் தாங்கும். ஹைட்ரஜன் சிலிண்டர், ராக்கெட்டின் ஹீலியம் தொட்டி, உயர் அழுத்தக் குழாய் என்று பல இடங்களில் இந்த ஜோடி வேலை செய்கிறது.

இத்தகைய குழாயை முதன்முறையாகக் கணக்கிடுபவர்கள் பெரும்பாலும் "லைனரில் எவ்வளவு தகைவு, சுற்றில் எவ்வளவு தகைவு?" என்றுதான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இரண்டும் சந்திக்கும் பரப்பில் ஒன்றையொன்று எவ்வளவு அழுத்துகின்றன? இதுதான் தொடு அழுத்தம். இந்த எண் கைக்கு வந்துவிட்டால் சிக்கலான குழாய் இரண்டு எளிய குழாய்களாகப் பிரிந்துவிடும். லைனர் என்பது உள்ளே வாயு அல்லது திரவ அழுத்தமும் வெளியே தொடு அழுத்தமும் உள்ள குழாய். சுற்று என்பது உள்ளே தொடு அழுத்தம் மட்டும் உள்ள குழாய். ஆனால் தொடு அழுத்தத்தை யாரும் நமக்குக் கொடுப்பதில்லை. இரு பொருள்களும் எவ்வளவு நகர்கின்றன என்பதிலிருந்து நாமே அதை வருவிக்க வேண்டும். குழாய் பிறக்கும்போதே இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருந்தால், அந்த எண் பாதியாகக் குறைந்துவிடக்கூடும்.

மெல்லிய உருளையின் தகைவுச் சூத்திரமும் யங் குணகமும் தெரிந்த எவரும் கீழே உள்ளதைப் பின்பற்றலாம். ஒரு கால்குலேட்டர் போதும். கணக்கை நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள். படித்துவிட்டு மட்டும் போனால் இந்த விஷயம் கையில் நிற்காது.

முதல் படி: எண்களைத் திரட்டுவது

கட்டுரை முழுவதும் ஒரே எடுத்துக்காட்டு. எஃகு லைனரின் உள் ஆரம் 100 மி.மீ., தடிமன் 4 மி.மீ. அதனால் இரண்டும் சந்திக்கும் எல்லை 104 மி.மீ. ஆரத்தில் இருக்கிறது. அதன்மேல் 8 மி.மீ. கார்பன்–எப்பாக்சி சுற்று; வெளி ஆரம் 112 மி.மீ. உள் அழுத்தம் 20 மெகாபாஸ்கல், அதாவது 200 பார். நார் முழுவதும் குழாயைச் சுற்றி வளையமாக ஓடுகிறது.

எஃகுக்கு யங் குணகம் 200 ஜிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் (ஒரு திசையில் இழுத்தால் குறுக்கே எந்த விகிதத்தில் சுருங்கும் என்பது) 0.3, ஈல்டு தகைவு (நிலையாக உருமாறத் தொடங்கும் தகைவு) 350 மெகாபாஸ்கல் என்று கொள்வோம். எஃகு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். நார்ச்சுற்று அப்படியல்ல. நாரின் திசையில் அதன் குணகம் 135 ஜிகாபாஸ்கல். நாருக்குக் குறுக்கே 9 மட்டுமே. எனவே சுற்றுக்கு ஒரே ஒரு யங் குணகத்தை எழுதிக்கொடுக்கும் தரவுத்தாளை அப்படியே நம்பாதீர்கள். அந்த எண் எந்தத் திசைக்கு உரியது, தனி நாருக்கா, பிசினோடு சேர்ந்த அடுக்குக்கா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கணக்கில் போடுங்கள். கார்பன் நாரின் தனிக் குணகம் சுமார் 230 ஜிகாபாஸ்கல். அதை அடுக்கின் குணகமாகப் போட்டுவிட்டால் சுற்று நிஜத்தைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு விறைப்பாகத் தோன்றும். லைனருக்கு இல்லாத பாதுகாப்பு காகிதத்தில் வந்துவிடும்.

வெப்ப விரிவுக் குணகங்களையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எஃகு டிகிரிக்கு பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். அலுமினியம் 23 பங்கு. கார்பன்–எப்பாக்சி நாரின் திசையில் ஏறக்குறைய பூஜ்யம். இந்த மூன்று எண்களும் பிறகு பெரிய வேலை செய்யப்போகின்றன.

இரண்டாம் படி: கைக்கணக்கு

துல்லியமான சூத்திரத்துக்குப் போவதற்கு முன்னால் தோராயமான விடை ஒன்றை வைத்துக்கொள்வது எப்போதும் நல்லது. குழாயின் நீளத்தில் 1 மி.மீ. அகலத்துக்கு ஒரு வளையத்தை வெட்டி எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் சுவர் தாங்கவேண்டிய இழுவிசை = அழுத்தம் × உள் ஆரம், அதாவது 20 × 100 = 2000 நியூட்டன். இந்தச் சுமையை லைனரும் சுற்றும் தத்தம் விறைப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்கின்றன. விறைப்பு என்பது இங்கே குணகம் × தடிமன். லைனருக்கு 200 × 4 = 800; சுற்றுக்கு 135 × 8 = 1080.

ஆக லைனரின் பங்கு 1880-இல் 800, அதாவது 851 நியூட்டன். அதை 4 மி.மீ. தடிமனால் வகுத்தால் லைனரில் வளையத் தகைவு 213 மெகாபாஸ்கல். சுற்றின் பங்கு 1149 நியூட்டன். தகைவு 144 மெகாபாஸ்கல். அந்த 1149 நியூட்டனைச் சுற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொடு அழுத்தம்தான். ஆகவே 1149-ஐ எல்லை ஆரமான 104-ஆல் வகுத்தால் தொடு அழுத்தம் 11.05 மெகாபாஸ்கல்.

நார்ச்சுற்று இல்லாமல் லைனர் மட்டும் இருந்திருந்தால் தகைவு 500 மெகாபாஸ்கல், ஈல்டைத் தாண்டியிருக்கும். சுற்று அதைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டது.

மூன்றாம் படி: எல்லையின் நகர்வைச் சமன்படுத்துவது

கைக்கணக்கு சுவரின் தடிமனையும் ஆரத் திசை நெருக்கத்தையும் கண்டுகொள்ளவில்லை. அதைச் சரிசெய்ய 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் காப்ரியேல் லாமே தந்த தடித்த உருளைச் சூத்திரமே இன்றும் நமக்குக் கருவி. எல்லையில் லைனரின் வெளிப்பரப்பு எவ்வளவு வெளிநோக்கி நகர்கிறதோ, சுற்றின் உட்பரப்பும் அவ்வளவே நகர வேண்டும். இரண்டும் ஒட்டி நிற்கின்றன என்பதன் கணித வடிவம் அவ்வளவுதான்.

லைனரை எடுத்துக்கொள்வோம். உள் அழுத்தம் மட்டும் இருந்தால் எல்லையில் அதன் நகர்வு:

2 × உள் அழுத்தம் × உள் ஆரத்தின் வர்க்கம் × எல்லை ஆரம் ÷ [யங் குணகம் × (எல்லை ஆரத்தின் வர்க்கம் − உள் ஆரத்தின் வர்க்கம்)]

எண்களைப் போட்டால் வர்க்கங்கள் 10,000-உம் 10,816-உம், வித்தியாசம் 816. நகர்வு 0.2549 மி.மீ. தொடு அழுத்தம் லைனரை உள்நோக்கித் தள்ளுகிறது. ஒவ்வொரு மெகாபாஸ்கலுக்கும் அந்தத் தள்ளல்:

(எல்லை ஆரம் ÷ யங் குணகம்) × [(வர்க்கங்களின் கூட்டல் ÷ வர்க்கங்களின் வித்தியாசம்) − பாய்சான் விகிதம்]

இது 0.01311 மி.மீ. தருகிறது.

சுற்றுக்கு லாமேயின் சூத்திரம் நேரடியாகப் பொருந்தாது. அது எல்லாத் திசையிலும் ஒரே குணம் உள்ள பொருளுக்கானது. திசைக்குத் திசை மாறும் பொருளால் ஆன உருளைக்குச் சோவியத் அறிஞர் லெக்னிட்ஸ்கியின் தீர்வு இருக்கிறது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். இங்கே தேவைப்படுவது ஒரே ஒரு புதிய எண்; அதைத் திசை எண் என்று அழைக்கிறேன். வளையத் திசைக் குணகத்தை ஆரத் திசைக் குணகத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 135 ÷ 9 = 15; வர்க்கமூலம் 3.873. அடுத்து வெளி ஆரத்தை எல்லை ஆரத்தால் வகுத்து (112 ÷ 104 = 1.0769), திசை எண்ணின் இரு மடங்கான 7.746 அடுக்குக்கு உயர்த்துங்கள். 1.775 வரும். இதை அடுக்கு எண் என்போம். சுற்றின் உட்பரப்பில், ஒரு மெகாபாஸ்கல் தொடு அழுத்தத்துக்கு வளையத் தகைவு:

திசை எண் × (அடுக்கு எண் + 1) ÷ (அடுக்கு எண் − 1) = 13.86

எல்லை ஆரத்தைச் சுற்றின் குணகத்தால் வகுத்து, 13.86-உடன் சுற்றின் பாய்சான் விகிதமான 0.3-ஐக் கூட்டிப் பெருக்கினால் ஒரு மெகாபாஸ்கலுக்கு நகர்வு 0.01091 மி.மீ.

இப்போது இரண்டையும் சமன்படுத்தலாம். லைனரின் 0.2549-ஐ, 0.01311-உம் 0.01091-உம் சேர்ந்த 0.02402-ஆல் வகுக்க வேண்டும். தொடு அழுத்தம் 10.6 மெகாபாஸ்கல். கைக்கணக்கில் வந்தது 11.05. நான்கு சதவீத வித்தியாசம்தான். இவ்வளவு மெல்லிய சுவருக்குக் கைக்கணக்கே நல்ல வழிகாட்டி என்பது இதிலிருந்து தெரியும். சுவர் தடிக்கத் தடிக்க இந்த வித்தியாசம் கூடும்; அப்போது இந்த மூன்றாம் படியைத் தவிர்க்க முடியாது.

மறக்காமல் ஒரு சரிபார்ப்பு. லைனரின் சராசரி வளையத் தகைவு (20 × 100 − 10.6 × 104) ÷ 4, அதாவது 224 மெகாபாஸ்கல். சுற்றின் சராசரி 10.6 × 104 ÷ 8, அதாவது 138. இரண்டையும் தத்தம் தடிமனால் பெருக்கிக் கூட்டினால் 2000 நியூட்டன் திரும்ப வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஆரம் மாறிப் போட்டிருக்கிறீர்கள். எல்லை ஆரத்துக்குப் பதிலாக உள் ஆரத்தைப் போட்டுவிடுவது எளிதில் நேரும் தவறு.

நான்காம் படி: முனை மூடிய குழாயா?

இதுவரை குழாயின் நீளத் திசையில் விசை இல்லை என்று வைத்துக்கொண்டோம். முனைகள் மூடப்பட்டிருந்தால் அழுத்தம் அவற்றையும் தள்ளும். நமது குழாயில் அந்தத் தள்ளுவிசை 628 கிலோநியூட்டன். வளையச் சுற்று நீளத் திசையில் பலவீனமானது என்பதால் ஏறக்குறைய முழுச் சுமையும் லைனரின் தலையில் விழும். அச்சுத் தகைவு 245 மெகாபாஸ்கல். நீளத்தில் இழுக்கப்படும் லைனர் பாய்சான் விளைவால் விட்டத்தில் சுருங்கும். எல்லையில் அந்தச் சுருக்கம் 0.038 மி.மீ. அதை 0.02402-ஆல் வகுத்தால் 1.6; தொடு அழுத்தம் 10.6-இலிருந்து சுமார் 9-ஆக இறங்கும்.

அச்சுச் சுமையையும் நாரே ஏற்கவேண்டும் என்றால் சாய்வாகச் சுற்ற வேண்டும். மூடிய உருளையில் வளையச் சுமை அச்சுச் சுமையைப் போல இரு மடங்கு. பிசினின் பங்கை ஒதுக்கிவிட்டு நார் மட்டுமே தாங்குவதாகப் பார்த்தால், அந்த விகிதத்துக்குப் பொருந்தும் சுற்றுக் கோணம் அச்சிலிருந்து 54.7 டிகிரி. உலோக லைனர் உள்ள குழாயில் இந்தக் கோணத்தைக் கட்டாயமாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. லைனரே அச்சுச் சுமையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் வளையச் சுற்றின் பங்கைக் கூட்டலாம்.

ஐந்தாம் படி: சூட்டில் பிறந்த இடைவெளி

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. கணக்கு கச்சிதமாக வந்த பிறகும் குழாய் வேறு மாதிரி நடந்துகொண்டால், முதலில் இங்கேதான் தேட வேண்டும்.

எப்பாக்சி பிசின் கெட்டிப்படச் சூடு தேவை. நமது குழாய் 120 டிகிரி செல்சியஸில் கெட்டிப்பட்டு, பிறகு 20 டிகிரிக்குக் குளிர்வதாக வைத்துக்கொள்வோம். 120 டிகிரியில் சுற்று லைனரைச் சரியாகத் தழுவியபடி உறைகிறது. குளிரும்போது லைனர் சுருங்குகிறது. கார்பன் சுற்று வளையத் திசையில் ஏறக்குறைய அசைவதே இல்லை. மரச்சக்கரத்தின்மேல் சூடேற்றி மாட்டிய இரும்புப் பட்டை குளிர்ந்து சுருங்கி சக்கரத்தை இறுக்கும் அல்லவா? இங்கே நடப்பது அதற்கு நேர் எதிர். சுருங்குவது உள்ளே இருப்பது; அதனால் பிடி தளர்கிறது.

அளவு எவ்வளவு? 104 மி.மீ. × 100 டிகிரி × பத்து லட்சத்தில் 12 = 0.125 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் உள் அழுத்தம் முழுவதும் சேர்ந்து லைனரைத் தள்ளக்கூடிய தூரமே 0.255 மி.மீ. அதில் பாதியை இந்த இடைவெளி தின்றுவிடுகிறது.

பிசின் லைனரோடு நன்றாக ஒட்டியிருந்தால் இடைவெளி திறக்காது. அதற்குப் பதில் ஒட்டுப்பரப்பில் 5.2 மெகாபாஸ்கல் இழுதகைவு உட்காரும். குழாயின் நடுப்பகுதியில் அதைத் தாங்கிக்கொள்ளும் ஒட்டுகூட முனைகளில் உரியத் தொடங்கலாம். உலோகப் பரப்பு சரியாகச் சுத்தப்படுத்தப்படவில்லை என்றால் அதுவும் இல்லை. எனவே வடிவமைக்கும்போது ஒட்டை நம்பாமல், இடைவெளி திறந்துவிட்டது என்றே கணக்கிடுங்கள். என் பார்வையில் புதியவர் கடைப்பிடிக்கக்கூடிய மிகப் பாதுகாப்பான வழக்கம் இதுதான்.

இடைவெளியைச் சூத்திரத்தில் சேர்ப்பது எளிது. லைனரின் நகர்விலிருந்து அதைக் கழித்துவிட்டு வகுத்தால் போதும். (0.2549 − 0.1248) ÷ 0.02402 = 5.4 மெகாபாஸ்கல். தொடு அழுத்தம் பாதியாகிவிட்டது. லைனரின் தகைவு 224-இலிருந்து 359 மெகாபாஸ்கலுக்கு ஏறிவிட்டது. ஈல்டைத் தொட்டுத் தாண்டிவிட்டது. சுற்றின் தகைவோ 138-இலிருந்து 70-ஆக இறங்கிவிட்டது. விலை உயர்ந்த கார்பன் நார் பாதி நேரம் சும்மா நிற்கிறது. அழுத்தம் 9.8 மெகாபாஸ்கலை எட்டும் வரை லைனர் சுற்றைத் தொடவே இல்லை. அதுவரை எல்லாச் சுமையும் லைனர் ஒன்றின்மேல்தான்.

லைனர் அலுமினியமாக இருந்தால் இடைவெளி 0.24 மி.மீ., ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் அலுமினியத்தின் குணகம் 70 ஜிகாபாஸ்கல் மட்டுமே. அது அழுத்தத்துக்கு எளிதாக விரிந்து இடைவெளியை விரைவில் மூடிவிடும். அதே அளவுகளில் கணக்கிட்டால் இடைவெளி இல்லாத லைனர் தகைவு 108, இடைவெளியோடு 237 மெகாபாஸ்கல். அலுமினியத்தோடு கார்பன் நார் நேரடியாகத் தொட்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். அதனால் நடுவில் மெல்லிய கண்ணாடி நார் அடுக்கு ஒன்றை வைப்பார்கள். அந்த அடுக்கையும் உங்கள் விறைப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றும்போது நாருக்குக் கொடுக்கும் இழுவிசை லைனரைக் கொஞ்சம் இறுக்கி இடைவெளியைக் குறைக்கும். ஆனால் மேலே சுற்றும் ஒவ்வொரு அடுக்கும் கீழே உள்ள அடுக்கின் இறுக்கத்தைத் தளர்த்திவிடும். பிசின் இன்னும் திரவமாக இருக்கும்போது நார் உள்நோக்கி நழுவவும் செய்யும். சுற்று இழுவிசை ஒன்றே இடைவெளியை மூடிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

ஆறாம் படி: வேண்டுமென்றே மிகை அழுத்தம் கொடுப்பது

இடைவெளிக்கு மருந்து ஆட்டோஃப்ரெட்டேஜ். குழாயைப் பயன்பாட்டுக்கு அனுப்பும் முன் ஒரே ஒரு முறை வேலை அழுத்தத்தைவிட மிக அதிகமான அழுத்தத்துக்கு ஏற்றி, லைனரை ஈல்டுக்கு அப்பால் நிலையாக விரியச் செய்துவிடுவார்கள். சுற்று மீட்சி எல்லைக்குள்ளேயே இருக்கும். அழுத்தத்தை இறக்கும்போது சுற்று பழைய அளவுக்குத் திரும்ப முயல்கிறது. பெரிதாகிவிட்ட லைனர் நடுவில் நிற்கிறது. முடிவில் உள்ளே அழுத்தமே இல்லாதபோதும் சுற்று லைனரை இறுக்கிப் பிடித்திருக்கும்.

நமது குழாயில் 35 மெகாபாஸ்கல் கொடுத்துப் பார்ப்போம். ஈல்டுக்குப் பிறகு லைனரின் வளையத் தகைவு 350-இலேயே நிற்கும் என்று எளிமைப்படுத்திக்கொள்வோம். அப்போது லைனர் தாங்குவது 350 × 4 = 1400 நியூட்டன். மொத்தச் சுமை 35 × 100 = 3500. மீதி 2100 நியூட்டனைச் சுற்று ஏற்கவேண்டும்; தொடு அழுத்தம் 2100 ÷ 104 = 20.2 மெகாபாஸ்கல். சுற்றில் தகைவு 263 மெகாபாஸ்கல், திரிபு 0.2 சதவீதத்துக்கும் கீழே. கார்பனுக்கு இது சிரமமே இல்லை.

இறக்கும்போது குழாய் முழுவதும் மீட்சியாக நடந்துகொள்ளும். 20 மெகாபாஸ்கலுக்கு 10.6 என்றால் 35-க்கு 18.6. அழுத்தம் பூஜ்யத்துக்கு வரும்போது மிஞ்சும் தொடு அழுத்தம் 20.2 − 18.6 = 1.6 மெகாபாஸ்கல். லைனர் இப்போது 42 மெகாபாஸ்கல் அமுக்குத் தகைவில் இருக்கிறது. மீண்டும் 20 மெகாபாஸ்கல் ஏற்றினால் தொடு அழுத்தம் 12.2, லைனரின் தகைவு 182 மட்டுமே. அதே குழாய், அதே அழுத்தம். மிகை அழுத்தம் கொடுக்காதபோது 359, கொடுத்த பிறகு 182. களைப்பால் வரும் விரிசலை எதிர்த்து லைனர் எத்தனை சுழற்சிகள் உழைக்கும் என்பதை இந்த வித்தியாசம் தீர்மானிக்கிறது.

ஈல்டு நேரத்தில் லைனரின் சுவரில் ஆரத் திசையிலும் அமுக்கம் இருக்கிறது. அதையும் சேர்த்தால் லைனர் 350-ஐ எட்டுவதற்கு முன்பே ஈல்டாகும். அப்படிக் கணக்கிட்டால் மிஞ்சும் தொடு அழுத்தம் இரண்டரை மெகாபாஸ்கலுக்குச் சற்று மேலே வரும். எனவே எளிய கணக்கு இறுக்கத்தைக் குறைத்தே சொல்கிறது. இறுக்கம் போதுமா என்று பார்க்க அது பாதுகாப்பான பக்கம். அடுத்த படியில் வரும் நெளிவைச் சரிபார்க்கும்போது பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அழுத்தம் இறங்கிய பின் லைனர் நிற்குமா?

அழுத்தம் ஏறும்போது மட்டுமே குழாய்க்கு ஆபத்து என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உலோக லைனர் குழாய்க்கு அழுத்தம் இறங்கும் நேரமும் அதே அளவு முக்கியம். வெளியிலிருந்து அமுக்கப்படும் மெல்லிய உருளை ஓரிடத்தில் உள்நோக்கி மடிந்து நெளியலாம். எல்லைக்குள் கசிந்து தேங்கிய வாயு, உள் அழுத்தம் திடீரென இறங்கியவுடன் லைனரை உள்நோக்கித் தள்ளும். உள்ளே வெற்றிடம் உண்டானாலும் அதே விளைவுதான்.

விறைப்பான உறைக்குள் இடைவெளியின்றிப் பொருந்திய லைனர் எவ்வளவு வெளி அழுத்தம் தாங்கும் என்பதற்கு 1977-இல் குளோக் தந்த சூத்திரம் உதவும். யங் குணகத்தை (1 − பாய்சான் விகிதத்தின் வர்க்கம்)-ஆல் வகுத்து, தடிமன் ÷ விட்டம் என்ற விகிதத்தின் 2.2 அடுக்கால் பெருக்க வேண்டும். நமது 4 மி.மீ. லைனருக்கு 37 மெகாபாஸ்கல் வருகிறது. அதற்கு முன்பே, சுமார் 13 மெகாபாஸ்கலில், அமுக்கத்தால் ஈல்டாகிவிடும். மிஞ்சிய இறுக்கம் 1.6 ஆனாலும் 2.7 ஆனாலும் கவலையில்லை.

எடையைக் குறைக்க லைனரை 1 மி.மீ. ஆக்கினால் அதே சூத்திரம் 1.7 மெகாபாஸ்கல்தான் தரும். உறையின் அணைப்பே இல்லாமல் தளர்ந்து நிற்கும் 1 மி.மீ. லைனருக்கோ வெறும் 0.05 மெகாபாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் பாதி. உள்ளே வெற்றிடம் உண்டானாலே மடங்கிவிடும். தொடர்பு இருப்பதற்கும் இல்லாததற்கும் நடுவே முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. ஐந்தாம் படியில் பார்த்த இடைவெளி இங்கேயும் தன் வேலையைக் காட்டுகிறது.

லைனர் நெளிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பொதுவெளியில் பதிவான உதாரணம் ஒன்று உண்டு. 2016 செப்டம்பர் 1 அன்று கேப் கனாவெரலில், அமோஸ்-6 செயற்கைக்கோளைச் சுமந்திருந்த ஃபால்கன் 9 ராக்கெட், எஞ்சின் சோதனைக்காக எரிபொருள் நிரப்பும்போது ஏவுதளத்திலேயே வெடித்தது. திரவ ஆக்சிஜன் தொட்டிக்குள் இருந்த ஹீலியம் கலன்களில் ஒன்றே காரணம் என்று விசாரணை சொன்னது. அந்தக் கலனும் அலுமினிய லைனரின்மேல் கார்பன் சுற்றியதுதான். லைனர் நெளிந்த இடங்களில் லைனருக்கும் சுற்றுக்கும் இடையே ஆக்சிஜன் தேங்கியதே தோல்விக்கு வழிவகுத்ததாக முடிவுக்கு வந்தார்கள்.

எட்டாம் படி: கணினி மாதிரி

இவ்வளவையும் கையால் செய்த பிறகு, பொருளை எலிமென்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளைத் திறங்கள். அதற்கு முன் வேண்டாம். நேரான குழாய்க்கு அச்சுச் சமச்சீர் மாதிரி போதும். லைனரின் தடிமனில் குறைந்தது நான்கு எலிமென்ட்கள் வையுங்கள். முதல் ஓட்டத்தில் வெப்பமும் ஈல்டும் வேண்டாம், இடைவெளியும் வேண்டாம். தொடு அழுத்தம் 10.6 வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வராவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பொருளின் திசை. நாரின் திசைக்குரிய 135 ஜிகாபாஸ்கல் மாதிரியில் ஆரத் திசைக்குப் போய் உட்கார்ந்திருக்கும். படம் அழகாகவே வரும், எண் மட்டும் தவறாக இருக்கும். அடுத்து தொடர்பு அமைப்பில் பெனால்டி விறைப்பு, அதாவது பரப்புகள் ஒன்றுக்குள் ஒன்று புகாமல் தடுக்க மென்பொருள் வைக்கும் கற்பனைச் சுருள்வில்லின் விறைப்பு. அது குறைவாக இருந்தால் இரு பரப்புகளும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவும். எல்லையின் மொத்த நகர்வே கால் மில்லிமீட்டர் என்பதால், சில மைக்ரோமீட்டர் ஊடுருவல்கூடத் தொடு அழுத்தத்தைச் சதவீதக் கணக்கில் பிசகச் செய்யும். ஊடுருவலை ஒரு மைக்ரோமீட்டருக்குக் கீழே வைத்திருங்கள்.

பிறகு குளிர்வு, மிகை அழுத்தம், இறக்கம், வேலை அழுத்தம் என்று வரிசையாக ஏற்றுங்கள். வரிசை முக்கியம், ஈல்டு ஆன பொருள் தன் வரலாற்றை மறப்பதில்லை. முனை இணைப்புக்கு அருகே வளைவுத் தகைவு கூடும். ஆரம் × மொத்தத் தடிமன் என்பதன் வர்க்கமூலத்தைப் போல இரண்டரை மடங்கு தூரம், நமது குழாயில் சுமார் 90 மி.மீ., கடந்த பிறகே எண்களைக் கைக்கணக்கோடு ஒப்பிட வேண்டும்.

ஒன்பதாம் படி: ஸ்ட்ரெயின் கேஜ் சொல்வதைக் கேட்பது

தொடு அழுத்தத்தை நேரடியாக அளக்கக் குழாயைப் பிரித்தாக வேண்டும். ஆனால் வெளிப்பரப்பின் வளையத் திரிபு அதை அப்படியே எதிரொலிக்கும். முனைகளிலிருந்து 100 மி.மீ.-க்கு மேல் தள்ளி, சுற்றளவில் ஒன்றுக்கொன்று எதிரெதிராக ஸ்ட்ரெயின் கேஜ்களை (திரிபை அளக்கும் மெல்லிய உணரிகளை) ஒட்டுங்கள். அழுத்தத்துக்கு வாயுவை அல்ல, தண்ணீரைப் பயன்படுத்துங்கள். குழாய் உடைந்தாலும் தண்ணீரில் தேங்கும் ஆற்றல் மிகக் குறைவு. அழுத்தத்தை மெதுவாக ஏற்றி, திரிபை வரைபடமாக்குங்கள்.

இடைவெளியே இல்லாத குழாயில் கோடு பூஜ்யத்திலிருந்தே நேராக எழும். மெகாபாஸ்கலுக்குச் சுமார் 49 மைக்ரோஸ்ட்ரெயின் (பத்து லட்சத்தில் 49 பங்கு திரிபு), 20-இல் 970. இடைவெளி உள்ள குழாயில் 9.8 மெகாபாஸ்கல் வரை கேஜ் ஏறக்குறைய அசையாது. பிறகு அதே சாய்வில் எழுந்து 20-இல் 500-ஐச் சுற்றி நிற்கும். கோடு திரும்பும் அந்த இடத்து அழுத்தத்தை 20-ஆல் வகுத்து 0.255-ஆல் பெருக்கினால் இடைவெளி மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். சுற்றளவில் ஒரு கேஜ் முன்னதாகவும் எதிரே உள்ளது பின்னதாகவும் எழுந்தால், லைனர் ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் விலகியும் இருக்கிறது.

மிகை அழுத்தச் சோதனையில் லைனர் முழுவதும் ஈல்டு ஆனவுடன் சாய்வு மெகாபாஸ்கலுக்கு 88 மைக்ரோஸ்ட்ரெயினுக்குத் தாவும். இடைவெளி உள்ள நமது குழாயில் இது 19 மெகாபாஸ்கலை ஒட்டி நடக்கும். அழுத்தத்தை முழுவதும் இறக்கிய பிறகு கேஜ் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் 150 மைக்ரோஸ்ட்ரெயின் அளவில் நிற்க வேண்டும். அதுதான் 1.6 மெகாபாஸ்கல் இறுக்கத்தின் அடையாளம். அந்த எண்ணையும் அளந்த நாளின் வெப்பநிலையையும் குழாயின் பதிவேட்டில் எழுதி வையுங்கள். பயன்பாட்டுக்குப் போன பின் ஒவ்வொரு பரிசோதனையிலும், அதே வெப்பநிலையில், அழுத்தமில்லாத நிலையில் மீண்டும் அளந்து பாருங்கள். பிசின் காலப்போக்கில் தளர்வதால் அது சிறிதளவு இறங்கும். பூஜ்யத்தை நோக்கி வேகமாக இறங்கினால், அல்லது ஏற்றும்போது வரைபடத்தின் தொடக்கத்தில் தட்டையான பகுதி மறுபடி தோன்றினால், லைனர் சுற்றிலிருந்து விலகத் தொடங்கிவிட்டது. குழாயைச் சேவையிலிருந்து எடுத்து, உட்பரப்பில் நெளிவு இருக்கிறதா என்று விளக்கையும் கேமராவையும் உள்ளே விட்டுப் பார்த்த பிறகே அடுத்த முடிவை எடுங்கள்.